கோண்டாவில் வளவில் கிடைத்த கறள் பிடித்த ரிவோல்வர் யாருடையது, எந்தக் காலத்தது?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உங்கள் பரம்பரை வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது, பட்டுப்போன மாமரத்தின் அடியில், இரண்டரை அடி ஆழத்தில் அலவாங்கில் ஏதோ தட்டியிருக்கிறது. தோண்டி எடுத்தால் கறள் பிடித்த ஒரு ரிவோல்வர். அதோடு ஒட்டியிருந்த சாக்குத் துண்டைப் பிய்த்து வேலிக்கரையில் எறிந்துவிட்டீர்கள். நாலு படம் போட்டு நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: வெள்ளைக்காரன் காலத்துத் துவக்கா, என்ன மொடல், கொக்காகோலாவில் ஊறப்போட்டால் கறள் போகுமா, விற்றால் ஏதும் தேறுமா. ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அப்பப்பா மலாயாவில் றெயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊருக்கு வந்தவர், 1956இல் மோசம் போனவர், இது அவருடையதாக இருக்குமோ என்று. உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற நாலும் அதற்குக் கட்டின வேலி.

நான் துவக்கு நிபுணன் இல்லை. மண்ணுக்குள்ளிருந்து வரும் இரும்பைப் பார்ப்பது என் தொழில். உலோகப் பாதுகாப்புப் படித்து, அகழாய்வுகளில் வரும் ஆணி, சாவி, பூட்டு, கத்தி, நங்கூரத் துண்டு என்று இருபது வருஷத்துக்கு மேல் கையில் எடுத்திருக்கிறேன். அதற்குள் வன்னிப் பக்கத்து இடியன் துவக்குகள், அதாவது குழல் வாயால் மருந்து இடித்து நிரப்பும் பழைய துவக்குகள், சிலவும் ரிவோல்வர்கள் பத்துப் பன்னிரண்டும் வந்து போயின. ஆகவே இரும்பைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். சட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் உங்களைப் போல ஒரு சாதாரண ஆள்தான்.

மொடலைப் பற்றிப் பேசமுன் உங்கள் இரண்டாவது படத்தைத் திரும்பப் பாருங்கள். ரவை போடும் ஆறு துளை கொண்ட உருளை இருக்கிறதல்லவா, அதன் பின்பக்கம், பிடிக்கு மேலே, ஒரு ஓரத்தில் பச்சைப் பூச்சு ஒன்று தெரிகிறது. பித்தளைக் குத்துவிளக்கைக் கனகாலம் துலக்காமல் விட்டால் திரியடியில் பிடிக்குமே, அதே களிம்புப் பச்சை. பாசி என்று நீங்கள் நினைத்திருக்கக்கூடும். இரண்டரை அடி மண்ணுக்குள் வெளிச்சம் இல்லை, பாசி வராது. இரும்புக் கறளும் இந்த நிறத்துக்கு வராது. செம்போ பித்தளையோ உக்கினால்தான் இப்படிப் பச்சை வரும், ரிவோல்வரில் அந்த இடத்தில் இருக்கக்கூடிய பித்தளை ரவையின் கோதுதான். உள்ளே இருப்பது வெறுங்கோதா, வெடிக்காத ரவையா என்பதைப் படத்தில் சொல்ல முடியாது. ரவையின் அடியில் இருக்கும் மூட்டு மருந்து ஈரத்தில் செத்தும் இருக்கலாம், சாகாமலும் இருக்கலாம், வெளியே பார்த்து ஒருவராலும் சொல்ல ஏலாது. ஆகவே இது ரவை ஏற்றின துவக்கு என்று வைத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் திறந்து பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வேலை வேண்டவே வேண்டாம். இப்போது எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கட்டும். மேலே ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். குழி வெட்டுவதையும் நிறுத்துங்கள், ஒன்று கிடந்த இடத்தில் இன்னொன்றும் கிடக்கலாம்.

சரி, இனிப் படத்துக்கு வருவோம். முதலில் இது உண்மையான ரிவோல்வர்தானா என்ற சந்தேகத்தைத் தீர்க்கவேண்டும். சிரிக்காதீர்கள், எனக்கு முதன்முதல் கொண்டுவந்து காட்டப்பட்ட "பழைய ரிவோல்வர்" தீபாவளிக்குக் கேப் போட்டுச் சுடுகிற பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கு. தகரத்தில் செய்த அந்தச் சாமான் மண்ணுக்குள் பத்து வருஷம் கிடந்தால் நூறு வருஷத்துக் கிழடு மாதிரி ஆகிவிடும். கொண்டுவந்தவர் அதைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார், எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. உங்களுடையது அப்படியல்ல. உருளையின் சுவர்த் தடிப்பும் குழலின் தடிப்பும் தகரத்தில் வராது. இது உண்மையான ஆயுதம்.

அடுத்ததாக நிச்சயமாகத் தெரிவது, இது "முறிக்கிற" வகை. ரிவோல்வர்களில் இரண்டு பெரிய சாதி உண்டு. ஒன்றில் உடல் முழுவதும் ஒரே சட்டம், உருளை மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். ஸ்மித் அன்ட் வெசன், கோல்ட் போன்ற அமெரிக்கத் துவக்குகள் பெரும்பாலும் அப்படி. மற்றதில் உருளைக்கு முன்னால், அடியில் ஒரு பிணைச்சல் இருக்கும். மேலே உள்ள கொளுவியைப் பெருவிரலால் தள்ளினால் குழலும் உருளையும் சேர்ந்து முன்பக்கம் குனியும், அந்த அசைவிலேயே நட்சத்திர வடிவத் தட்டு ஒன்று எழும்பி ஆறு கோதுகளையும் ஒன்றாகத் தூக்கி வெளியே தள்ளும். உங்கள் முதலாவது படத்தில் விசைக்கு முன்னால், குழலின் வேரடியில் உருண்டையாக ஒரு திரட்சி தெரிகிறதே, அதுதான் பிணைச்சல். குதிரைக்கு, அதாவது ரவையின் அடியில் அடிக்கும் சுத்தியலுக்கு, முன்னால் மேல்பக்கம் ஒரு மேடு இருப்பது கொளுவி. கறள் எவ்வளவு ஊதினாலும் இந்த இரண்டு எலும்பையும் மறைக்கவில்லை. பிடியின் அடியில் உள்ள வளையம், கயிறு கட்டித் தோளில் மாட்டுவதற்கு. சட்டைப் பைக்குள் வைக்கிற தனியார் துவக்குகளில் இது குறைவு, சீருடைக்காரருக்கென்று செய்தவற்றில்தான் வழக்கம். இது மூன்றையும் சேர்த்தால், பிரித்தானியச் சேவைத் துவக்குக் குடும்பம் என்று தொண்ணூறு வீதம் சொல்வேன். ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் இந்த மாதிரியைப் பார்த்துச் செய்த நகல்கள் உண்டு, மிச்சப் பத்து வீதம் அவற்றுக்காக.

அந்தக் குடும்பத்துக்குள் எது என்பதற்கு நீங்கள் செய்த ஒரு நல்ல காரியம் உதவுகிறது. தையல் நாடாவைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். முழு நீளம் 26 சென்ரிமீற்றரை ஒட்டி நிற்கிறது, குழல் 5 அங்குலம் போல. வெப்ளி என்பது பிரித்தானியத் துவக்குக் கம்பனி, மார்க் என்பது அந்தந்த மொடலின் வரிசை எண். முதலாம் உலகப்போரில் பெயர் எடுத்த வெப்ளி ஆறாம் மார்க், 1915இல் வந்தது, .455 அங்குல வாய் கொண்டது. அதன் குழல் 6 அங்குலம், முழு நீளம் 28 அரைச் சென்ரிமீற்றருக்கும் மேல். 1887இல் முதலாம் மார்க்கோடு தொடங்கிய அதற்கு முந்திய வெப்ளிகளில் வழக்கமான குழல் 4 அங்குலம், பிடியும் கிளியின் தலை மாதிரி வளைந்து முடியும். கறள் ஒரு சாமானை நீட்டுமே தவிரக் குறுக்காது, அதுவும் முனைக்குச் சில மில்லிமீற்றர்தான். ஆகவே ஆறாம் மார்க் சுருங்கி 26க்கு வந்திருக்க வழியில்லை, உங்களுடையதின் பிடியும் கீழே அகன்று சதுரமாக முடிகிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கென்று செய்யும் .32 ரிவோல்வரும் வெப்ளியின் சாயல்தான், ஆனால் அதன் குழல் 3 அங்குலத்தை ஒட்டிய குட்டைக் குழல். அதையும் தள்ளிவிடலாம்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று .38 வாய் கொண்ட வெப்ளி நாலாம் மார்க், மற்றது என்பீல்ட் இரண்டாம் இலக்கம். இரண்டுக்கும் குழல் 5 அங்குலம், நீளம் 26 சென்ரிமீற்றர். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதற்கு ஒரு கதை உண்டு. முதலாம் உலகப்போருக்குப் பிறகு, .455 பாரமும் உதைப்பும் கூடியது, புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்குவது கஷ்டம் என்று பிரித்தானிய இராணுவம் சின்ன வாய்க்கு மாற நினைத்தது. வெப்ளிக் கம்பனி ஒரு .38 மாதிரியைச் செய்து கொடுத்தது. அரசாங்கம் அதைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, தன்னுடைய என்பீல்ட் தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கிவிட்டது, 1932இல் படைக்குச் சேர்த்தது. வெப்ளிக்காரர் வழக்காடிக் கடைசியில் 1,250 பவுண் வாங்கினார்கள். காணிக்கு எல்லைக்கல் மாற்றினவனோடு நாற்பது வருஷம் வழக்காடுகிற எங்கள் ஆட்களுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். இரண்டாம் உலகப்போர் வந்ததும் என்பீல்ட் போதாமல், வழக்காடின அதே வெப்ளியிடமே நாலாம் மார்க்கையும் வாங்கினார்கள் என்பது அதில் இன்னும் ருசியான பகுதி.

இந்த இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான வழி குதிரை. 1938இலிருந்து வந்த என்பீல்டுகளில் குதிரையின் வாலை, அதாவது பெருவிரலால் இழுக்கும் கொம்பை, எடுத்துவிட்டார்கள். தாங்கிக்குள் ஏறி இறங்கும்போது கொளுவுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். உங்கள் படத்தில் குதிரை மொட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் மொட்டையாகப் பிறந்ததா, அலவாங்கு பட்டு முறிந்ததா, கறளோடு உதிர்ந்ததா? அந்த இடத்தில் பளிச்சென்று புது முறிவு எதுவும் தெரியவில்லை, ஆகவே அலவாங்கு குற்றவாளி அல்ல. மற்ற இரண்டுக்குள் தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. வலப்பக்கப் பிடியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துண்டும் அவ்வளவாக உதவவில்லை. அது மரம் இல்லை என்பது மட்டும் நிச்சயம், மரமாக இருந்தால் எங்கள் கறையான் எப்போதோ முடித்திருக்கும். பேக்லைட்டோ கெட்டி றப்பரோ. இரண்டு துவக்குக்கும் அந்த வகைப் பிடி வந்தது. சின்னச் சின்னச் சதுரமாக வெட்டின கோலம் தெரிகிறது, ஆனால் பெருவிரல் பதியும் குழிவு இருக்கவேண்டிய பகுதி உடைந்துபோய்விட்டது. இருந்திருந்தால் என்பீல்ட் பக்கம் சாய்ந்திருப்பேன்.

எழுத்து இருந்தால் இந்த வழக்கு ஒரு நிமிஷத்தில் முடியும். என்பீல்டில் வலப்பக்கம், குதிரைக்குக் கீழே, கிரீடமும் தொழிற்சாலைப் பெயரும் வருஷமும் குத்தியிருப்பார்கள். வெப்ளியில் மார்க்கும் வாய் அளவும் இடப்பக்கம் மேல் பட்டையில் இருக்கும். அரசாங்கச் சொத்து என்றால் எங்கேயாவது ஒரு சின்ன அம்புக்குறி, படையிலிருந்து விற்றுக் கழித்தது என்றால் இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டும். இதை வாசித்தவுடன் உங்களுக்கு அரத்தாள் எடுத்துத் தேய்க்கக் கை துடிக்கும். அதற்குத்தான் கொக்காகோலாக் கேள்விக்கு இவ்வளவு நேரம் பதில் சொல்லாமல் வந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என்னிடம் ஒரு இடியன் துவக்கின் பூட்டுத்தகடு தந்தார்கள், உள்ளங்கை நீளம். மேலே பழுப்புக் கறள் பொருக்குப் பொருக்காக இருந்தது. நான் கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்கப் பொருக்கு விழுந்து அடியில் இரும்பு மினுங்கத் தொடங்கியது, எனக்கு ஒரே புளுகம். பெரியவர் வந்து விழுந்த பொருக்கில் ஒன்றை எடுத்துத் திருப்பி, உருப்பெருக்கிக்கு அடியில் வைத்துக் காட்டினார். பொருக்கின் உள்பக்கத்தில், கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக, ஒரு கிரீடத்தின் பாதி இருந்தது. தகட்டில் தேடினோம், வெறும் குழிகள்தான். பிரித்தானியப் பழைய பூட்டுகளில் கிரீடத்தோடு 'டவர்' என்று குத்தியிருக்கும், அந்தச் சொல்லில் கடைசி இரண்டு எழுத்துத்தான் எனக்கு மிச்சம் வைத்திருந்தது. பெரியவர் ஏசவில்லை. அந்தப் பொருக்கை ஒரு சின்னப் போத்தலில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்னும் வைத்திருக்கிறேன்.

இதுதான் இரும்பின் விசித்திரம். இரும்பு கறளாகும்போது பல மடங்கு ஊதுகிறது. ஊதினது வெளியே மண்ணையும் கல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பழுப்புக் கட்டியாக நிற்கும். அதற்கு உள்ளே கறுப்பாக, நெருக்கமாக ஒரு படை. சாமானின் பழைய தோல், எழுத்து குத்தின தோல், பெரும்பாலும் அந்தக் கறுப்புப் படையோடுதான் இருக்கும், உள்ளே மினுங்குகிற இரும்பில் இருக்காது. கறளைப் போக்குவது என்றால் தோலை உரிப்பதுதான். கொக்காகோலாவில் இருக்கும் பொஸ்பரிக் அமிலம், தேசிக்காய், புளி எல்லாம் பழுப்பு, கறுப்பு என்று பார்க்காமல் கரைக்கும். பித்தளைச் செம்பு துலக்கப் புளி நல்லது, இதற்கு எமன். ஆய்வுகூடத்தில் முதலில் எக்ஸ்றே எடுப்போம். கறளுக்குள் மூடிக்கிடக்கும் குத்தெழுத்து சிலவேளை அதில் அப்படியே தெரியும், உருளைக்குள் ரவை இருக்கிறதா என்பதும் தெரியும். பிறகு உப்பை எடுக்கக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைப்போம், கடைசியில் ரனிக் அமிலமும் மெழுகும் பூசுவோம். ரவை இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள சாமானை எந்த ஆய்வுகூடமும் அப்படியே உள்ளே எடுக்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

எத்தனை வருஷம் மண்ணுக்குள் கிடந்தது என்பதைக் கறளின் தடிப்பை வைத்துச் சொல்ல முடியுமா என்று யாராவது கேட்டால், முடியாது என்பதுதான் நேர்மையான பதில். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவேண்டாம். ஒரே வருஷம் ஒரே கொல்லன் அடித்த இரண்டு கத்தியில் ஒன்றைக் காரைநகர்க் கடற்கரை மணலிலும் மற்றதைக் கோண்டாவில் செம்மண்ணிலும் புதைத்தால், காரைநகர்க் கத்தி உப்பில் ஊறிச் சீக்கிரம் உருக்குலையும். வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லுக்கு மேல் படுத்திருப்பது, நீர் நன்றாக வடியும், கடல் உப்பும் உள்ளே குறைவு. இரும்புக்கு அது அவ்வளவு கொடிய மண் இல்லை. அதோடு, புதைத்தவர் கிறீஸ் பூசிப் புதைத்தாரா, வெறுமனே போட்டாரா, மேலே வாழைக்குத் தண்ணீர் இறைத்தார்களா, உரம் போட்டார்களா என்பதெல்லாம் கணக்கைக் குழப்பும். ஆழமும் பெரிதாக ஒன்றும் சொல்லாது. எங்கள் பக்கம் பல வளவுகளில் மூன்று நாலு அடிக்குக் கீழே கல்லு வந்துவிடும். அவசரத்தில் புதைப்பவர் எந்தக் காலத்தவரானாலும் இரண்டு இரண்டரை அடியில்தான் நிறுத்துவார்.

ஆனால் உங்களிடம் கறளைவிட நல்ல சாட்சி ஒன்று இருந்தது, அதைத்தான் வேலிக்கரையில் எறிந்திருக்கிறீர்கள். மூன்றாவது படத்தில், உருளைக்கு அடிப்பக்கமாக, கறளில் ஒரு நெசவு பதிந்திருக்கிறது. ஏதோ ஒரு சாக்கு ஈரத்தில் இரும்போடு ஒட்டி, கறள் அதன்மேல் வளர்ந்து, சாக்கைப் பிய்த்த பிறகும் அச்சு மட்டும் நிற்கிறது. ஆகவே சாக்கு தற்செயலாகப் பக்கத்தில் கிடந்த குப்பை இல்லை, துவக்கு அதற்குள் சுற்றித்தான் புதைக்கப்பட்டிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் அடுத்த படியில். சணல் சாக்கு என்றால் இழை முறுக்கின கயிறு மாதிரி உருண்டையாக, ஒன்றுக்கொன்று தடிப்பு மாறி, மயிர் பிடித்திருக்கும். உரப்பை என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்ரிக் பை என்றால் இழை ஓலை மாதிரித் தட்டையாக, ஒரே அகலத்தில், பாய் பின்னினதுபோல ஒன்றின்மேல் ஒன்று படுத்திருக்கும். உங்கள் படத்தில் எனக்குத் தெரிவது தட்டை இழை. பாய்ப் பின்னல் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் கை ஆடி எடுத்தது, ஓரம் எல்லாம் கலங்கியிருக்கிறது. முக்கால்வாசி நம்பிக்கையோடு பிளாஸ்ரிக் என்கிறேன், கால்வாசியைச் சணலுக்கு விடுகிறேன்.

அந்த முக்கால்வாசி சரியென்றால் உங்கள் உண்மையான கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது. அந்தப் பை செய்யப்படும் பொருள் பொலிபுரோப்பிலீன். 1954இல்தான் இத்தாலியில் ஜூலியோ நாட்டா அதை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். 1957இல்தான் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். அதை நாடாவாகக் கிழித்து நெய்து, உரம் அடைத்து, கப்பலேற்றி எங்கள் தோட்டங்களுக்கு வர இன்னும் காலம் எடுத்தது. உங்கள் அப்பப்பா 1956இல் மோசம் போனவர் என்றால், அவர் இதை அந்தப் பைக்குள் சுற்றிப் புதைத்திருக்கவே முடியாது. துவக்கின் வயதும் புதைத்த காலமும் இரண்டு வேறு கேள்விகள், ஆட்கள் எப்போதும் குழப்புவது இங்கேதான். துவக்கு 1930களிலோ 40களிலோ செய்ததாக இருக்கலாம், ஆனால் துவக்கு சுற்றிவந்த பைக்கு முன்னால் குழி வெட்டப்படவில்லை.

அப்படியானால் துவக்கு அப்பப்பாவினுடையதே இல்லையா? அதை நான் சொல்லவில்லை. அவர் வைத்திருந்து, பிறகு வீட்டில் வேறொருவர் பயந்து புதைத்திருக்கலாம். மலாயாப் பென்சன்காரர்கள் கொண்டுவந்த பெட்டிகளுக்குள் என்னென்னவோ வந்தன. ஒரு சின்னத் தடயம் மட்டும் உண்டு. சிங்கப்பூர்ப் பொலிசுக்கென்று செய்த வெப்ளி நாலாம் மார்க்குகளில், மற்றவற்றில் இல்லாத ஒரு பாதுகாப்புப் பூட்டு குதிரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எக்ஸ்றேயில் அப்படி ஒன்று தெரிந்தால் அந்தத் துவக்கு மலாயாப் பக்கம் இருந்து வந்தது என்று பேச இடமுண்டு. படத்தில் அந்த இடம் ஒரே கட்டியாக இருக்கிறது. அதேநேரம், இந்தத் துவக்கு யாழ்ப்பாணத்துக்கு வர மலாயாவுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. பலாலி விமானத்தளத்தை இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய வான்படைதான் அமைத்தது. அந்தக் காலத்து அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது இந்த .38தான். அதன்பிறகு 1970களிலிருந்து 2009 வரை இந்த மண்ணில் எத்தனை தரப்பு ஆயுதம் எத்தனை கை மாறியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1987இல் இந்தியப் படை வந்தபோதும், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோதும் எங்கள் சனம் நகையிலிருந்து காணி உறுதி வரை வளவுக்குள் தாட்டுவிட்டுத்தான் போனது. வெறும் வளவுக்குள் வந்து போனவர்களும் தாட்டார்கள். யார் என்பதற்குத் துவக்கு வாய் திறக்காது. இலக்கம் தெரிந்தால்கூட எந்த வருஷம் செய்தது, யாருக்கு அனுப்பியது என்பதுவரைதான் போகலாம், அதற்குப் பிறகு கை மாறினதற்கு ஏடு இல்லை. அதற்கு மேல் ஊகிக்க நான் விரும்பவில்லை, உங்கள் அயலில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

விலை பற்றி: தேறாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். கறள் பிடித்தது, சுடாது என்பது உங்களுக்கு உதவும் என்று நம்பி இருக்கவேண்டாம். பழம்பொருள் என்று சொல்லித் தப்பலாமா என்று ஒருவர் உங்களுக்கு ஆலோசனை சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதைத்தான் தொல்பொருள் என்கிறது, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் தன் ரிவோல்வருக்கு உரிமை எடுத்ததே 1836இல். ஆலோசனை சொன்னவர் பாவம், இருபது வருஷம் முந்திவிட்டார்.

செய்யவேண்டியது இதுதான். இன்றைக்கே விதானையாருக்கு, அதாவது கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், அவரோடு சேர்ந்து பொலிசுக்கு அறிவியுங்கள், அல்லது 119க்கு அடியுங்கள். சாமானைச் சொப்பிங் பைக்குள் போட்டு ஓட்டோவில் கொண்டுபோக வேண்டாம். கிடக்கிற இடத்துக்கு அவர்களை வரச்சொல்லுங்கள், ரவை ஏறியிருக்கலாம், பச்சை தெரிகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பொலிசுக்குச் சொன்னால் விசாரணை என்று அலைக்கழிப்பார்களோ என்ற பயம் உங்கள் அம்மாவுக்கு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, எங்கள் வீட்டிலும் அது இருந்தது. ஆனால் எடுத்த அன்றைக்கே சொன்னவனுக்கும் ஒரு மாதம் வைத்திருந்து பிடிபட்டவனுக்கும் இடையில் நிறைய வித்தியாசம் உண்டு. நீங்கள் எடுத்து மூன்று நாள் ஆகிறது. தனியே போகத் தயக்கம் என்றால் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிப் போங்கள், என்ரி போட்டதும் அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். குழியின் மிச்சத்தை வெட்டமுன் அந்த இடத்தைச் சோதித்துத் தரச்சொல்லியும் கேளுங்கள். வடக்கில் 2002இலிருந்து வேலை செய்யும் ஹலோ ட்ரஸ்ட் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகளுக்கும் தகவல் போனால் நல்லது. ஆயுதம் நீதிமன்றம் வழியாக அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போனால், அங்கே துவக்குகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். வெப்ளியா என்பீல்டா என்று நான் படத்தில் தடுமாறுவதை அவர்கள் கையில் எடுத்த உடனேயே சொல்லிவிடக்கூடும்.

அதற்கு முன் ஒரு வேலை. வேலிக்கரைக்குப் போய் அந்தச் சாக்குத் துண்டைத் தேடுங்கள். நாய் இழுக்காமல், மழை வராமல் இருந்தால் அங்கேதான் கிடக்கும். கழுவாமல், மண் தட்டாமல், ஒரு கடதாசி உறைக்குள் போட்டு வையுங்கள். போடமுன் பக்கவாட்டில் வெளிச்சம் விழ, கையை எதிலாவது ஊன்றி ஆடாமல், கிட்டப் பிடித்து ஒரு படம் எடுங்கள். இழை தட்டையா உருண்டையா என்று தெரிந்தால் போதும். பொலிஸ் வந்ததும் உறையை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.